வீட்டுக்குக் கையால் வரைந்த தெய்வப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரவிவர்மாவின் லட்சுமி, சரஸ்வதி, இயேசுவின் திருஇருதயம், இறுதி இராவுணவு போன்ற பழைய ஓவியங்களைப் பார்த்து வீடுகளுக்கு எண்ணெய் வண்ணத்தில் நகல் வரைந்து கொடுப்பது என் தொழில். படம் கேட்டு வருகிறவர்களும் வாங்கிப் போனவர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வேறு எங்கோ வாங்கிவிட்டு யோசனை கேட்டு வருகிறவர்களும் அப்படித்தான். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

கையால் வரைந்த நகல் என்றால் என்ன? கடையில் விற்கும் சாமி படம் வேறு, இது வேறா?

வேறுதான். கடையில் கிடைப்பது அச்சு. கையால் வரைந்த நகலில் வெறும் கேன்வாஸில் கோடு போட்டு, அதன்மேல் பழுப்பிலோ சாம்பலிலோ ஒளியும் நிழலும் மட்டும் தீட்டி, அது காய்ந்தபின் நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவோம். நிறமியைக் குழைப்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயில்.

நம் வீடுகளில் ரவிவர்மா படம் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் அச்சிலிருந்து வந்தவை. அவர் 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலாவுக்கு அருகில் மளவ்லிக்கு மாறியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் படத்தைப் பிரித்தெடுத்து, அடுத்தடுத்து அச்சிட்டு, எண்ணெய் ஓவியம் போலத் தோன்ற மேலே வார்னிஷ் பூசிய அந்தத் தாள்களுக்கு ஓலியோகிராப் என்று பெயர். கோயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாத மக்களின் வீடுகளுக்கும் லட்சுமியும் சரஸ்வதியும் அந்தத் தாள்களில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அச்சைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராததற்கு அதுவே காரணம்.

தஞ்சாவூர் ஓவியமும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. தஞ்சாவூர் ஓவியம் பலகையில் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் மேடு எழுப்பி, தங்கத் தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்துச் செய்வது. அங்கே முகம் தட்டையாக, சித்திர மரபின்படி இருக்கும். எண்ணெய் ஓவியத்தில் தங்க நகைகூட மஞ்சள், பழுப்பு, வெள்ளை நிறங்களால் தீட்டப்படுவதுதான். தங்கமே இல்லாமல் தங்கம் மின்னுவதாகக் காட்ட வேண்டும்.

அச்சுப்படம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எதற்காக இவ்வளவு செலவு செய்ய வேண்டும்?

கும்பிடுவதற்காக என்றால் வேண்டியதே இல்லை. அச்சுப்படத்தின் முன் வேண்டினால் பலன் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணெய் ஓவியத்துக்கு உள்ள சிறப்பு வேறு. மெல்லிய அடுக்குகள் வழியே ஒளி உள்ளே போய்த் திரும்பி வருவதால் தோல் நிறத்துக்கு ஓர் ஆழம் கிடைக்கும். காலையில் ஒரு விதமாகவும் விளக்கு வெளிச்சத்தில் வேறு விதமாகவும் முகம் தெரியும். நல்ல பொருளில் செய்தால் தலைமுறைகள் தாங்கும், சேதமானால் சரிசெய்யவும் முடியும். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: முகம் சரியாக வராத கைவேலையைவிட நல்ல அச்சே மேல். பட்டுச் சரிகையை நூல் நூலாக வரைந்துவிட்டு முகத்தைக் கோட்டைவிட்ட படங்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. தினமும் நீங்கள் நின்று பார்க்கப் போவது முகத்தை.

விலையை எதை வைத்துச் சொல்கிறார்கள்? சதுர அடிக் கணக்கா?

சதுர அடிக் கணக்கு சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உழைப்பு போவது முகங்களுக்கும் கைவிரல்களுக்கும். தனியாக நிற்கும் லட்சுமிக்கு ஒரு முகம். லியோனார்டோ டா வின்சியின் இறுதி இராவுணவில் 13 முகங்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உணர்ச்சி. இரண்டும் ஒரே அளவுக் கேன்வாஸில் இருந்தாலும் ஒரே விலை எப்படி வரும்?

மிக மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வேலையைப் பிரித்துச் செய்தவை. நகல் ஓவியத்துக்குப் பெயர்போன இடம் சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள தாஃபென். 1989-இல் ஹாங்காங் ஓவியர் ஹுவாங் ஜியாங் அங்கே தொடங்கிய வேலை ஒரு கிராமத்தின் தொழிலாகவே வளர்ந்தது. பெரிய ஆர்டர்களில் ஒருவர் வானத்தையும் இன்னொருவர் மரத்தையும் தீட்டும் முறை அங்கே உண்டு. நிலக்காட்சிக்கு அது பொருந்தலாம். தெய்வ முகத்தையும் கைகளையும் ஒரே ஆள் வரைந்தால்தான் படம் ஒன்றுபட்டு நிற்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு முன்பணம் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறேன். அதைப் பார்த்து வரைய முடியாதா?

உங்கள் மனதிலிருப்பது எந்தப் படம் என்று தெரிந்துகொள்ள அது உதவும். வரைய உதவாது. ரவிவர்மாவின் லட்சுமி என்று தேடினால் கிடைக்கும் படங்களில் சில மூல ஓவியத்தின் புகைப்படம், சில ஓலியோகிராபின் புகைப்படம், இவை போக நிறத்தைத் தூக்கிய நாட்காட்டிப் படங்கள். எண்ணெயில் மங்கலாக, மென்மையாக இருக்கும் நிறம் அச்சில் அழுத்தமாக மாறியிருக்கும். கைபேசித் திரை இன்னும் கொஞ்சம் மாற்றும். "நிறம் நான் பார்த்தது போல இல்லை" என்று பிறகு வரும் மனத்தாங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். எதற்கு நகல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் பாட்டி வீட்டில் மாட்டியிருந்த அச்சின் நிறம்தான் வேண்டும் என்றால் அதையும் வரையலாம், அதில் தவறே இல்லை. முன்பே சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் மூலங்களை ஒருமுறை நேரில் பாருங்கள். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்ரா கலைக்கூடம், மைசூரு ஜகன்மோகன் அரண்மனை, வடோதராவின் மகாராஜா ஃபதே சிங் அருங்காட்சியகம், சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் ஆகிய இடங்களில் ரவிவர்மாவின் ஓவியங்கள் உள்ளன. நேரில் பார்த்தவர்கள் ஆர்டர் கொடுக்கும்போது கேட்கும் கேள்விகளே மாறிவிடும். நிறத்தைப் பற்றிப் பேசுவதைவிட்டு முகத்தின் நிழலைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

இறுதி இராவுணவை 3 அடிக்கு 2 அடியில் வரைந்து தருவீர்களா?

அந்த அளவில் வரைந்தால் ஒன்று ஓரத்துச் சீடர்கள் வெட்டுப்படுவார்கள், இல்லையென்றால் மேலே வெறும் கூரை நிறையும். மிலான் நகரின் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்து உணவுக்கூடச் சுவரில் இருக்கும் மூலம் சுமார் 8.8 மீட்டர் அகலம், 4.6 மீட்டர் உயரம். உங்களிடம் 4 அடி அகலம் இருந்தால் உயரம் ஏறத்தாழ 2 அடி 1 அங்குலம் வரும். படச்சட்டம் கையில் இருக்கிறது, அதற்கேற்ப வரையுங்கள் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்: படத்துக்கேற்பத்தான் சட்டம்.

மிகவும் சிறியதாக்குவதிலும் சிக்கல் உண்டு. ரபேலின் சிஸ்டைன் மாதா, டிரெஸ்டன் நகரில் 265 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஓவியம். அதை ஒன்றரை அடிக்குக் குறைத்தால் மாதாவின் முகம் கட்டைவிரல் நுனி அளவுக்கு வந்துவிடும். சிறிய இடம்தான் இருக்கிறது என்றால் முழு ஓவியத்தைச் சுருக்காமல் மாதாவும் குழந்தையும் இருக்கும் பகுதியை மட்டும் வரையச் சொல்லுங்கள். வீட்டுப் பூஜையறைக்கு முகம் குறைந்தது உள்ளங்கை அளவாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

கிரகப்பிரவேசம் அடுத்த மாதம். அதற்குள் முடியுமா?

2 அடிக்கு 3 அடியில் ஒற்றை உருவம் என்றால் ஐந்தாறு வாரங்கள் வேண்டும். தண்ணீர் வண்ணம் ஆவியாகிக் காய்வது போல எண்ணெய் வண்ணம் காயாது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும். பழுப்பு மண் நிறங்கள் சில நாளில் தொடும் அளவுக்குக் காயும். கறுப்பும் சில சிவப்புகளும் ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். கீழ் அடுக்கு இளகியிருக்கும்போதே மேலே தீட்டினால் பின்னால் வெடிப்பு விடும். கீழே எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருக்க வேண்டும் என்ற விதியும் அதற்காகத்தான்.

தொட்டால் ஒட்டாத நிலையில் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இறுதி வார்னிஷ் மட்டும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்து. அதுவரை தற்காலிக வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு போதும். நல்ல ஓவியர் ஒரு வருடம் கழித்து மறுபடி வரச் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

வாங்கிய படம் உண்மையில் கையால் வரைந்ததா, அச்சின்மேல் பூசியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேன்வாஸ் துணியிலேயே அச்சிட்டு, அதன்மேல் நிறமற்ற கூழைத் தூரிகையால் இழுத்துவிட்டால் பார்வைக்கும் தடவலுக்கும் ஓவியம் போலவே இருக்கும். முதலில் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய லென்ஸால் கன்னத்தையும் கழுத்தையும் பாருங்கள். பொடிப்பொடியான புள்ளிகள் தெரிந்தால் அச்சு. வரைந்த படத்தில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் இழைந்து போகும்.

அடுத்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தூரிகைத் தடங்கள் உருவத்தோடு சேர்ந்து ஓட வேண்டும், அதாவது புடவை மடிப்பில் மடிப்பின் திசையிலும் கன்னத்தில் வளைவின் திசையிலும். படம் முழுக்க ஒரே மாதிரி அலையலையாக இருந்தால் அது மேலே இழுத்த கூழ். கடைசியாக ஓரங்களைப் பாருங்கள். கையால் வரைந்ததில் நிறம் ஓரத்தில் ஒழுங்கற்று முடியும், கீழடுக்கு எங்காவது எட்டிப் பார்க்கும். அச்சில் ஓரம் கத்தியால் வெட்டியது போல நேராக இருக்கும்.

அச்சின்மேல் கைவேலை செய்து விற்பது குற்றமில்லை. அதை அப்படியே சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்க வேண்டும். கையால் வரைந்தது என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று.

புரொஜெக்டரில் போட்டு வெளிக்கோடு எடுத்தால் அது கைவேலை ஆகுமா?

ஆகும். கட்டம் கட்டி வரைவது, துளையிட்ட தாள்வழியே கரித்தூள் தட்டிக் கோட்டை மாற்றுவது எல்லாம் நூற்றாண்டுகளாக உள்ள முறைகள். கோடு எங்கே விழுகிறது என்பது தொடக்கம்தான், படம் உருவாவது அதற்குப் பிறகு. வண்ணத்துக்கு அடியில் அச்சிட்ட படம் இருந்தால் மட்டும் முந்தைய பதில் பொருந்தும்.

கண்ணாடி போட்டுச் சட்டம் போடலாமா?

எண்ணெய் ஓவியத்துக்குக் கண்ணாடி தேவையில்லை. வார்னிஷே அதன் காப்பு. ஆனாலும் தினமும் விளக்கும் கற்பூரமும் ஏற்றும் அறையில் மாட்டுவதானால் போடுங்கள் என்றே சொல்கிறேன். கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி உள்ளே கால் அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். வரைந்து ஆறு மாதமாவது போகட்டும், அதற்குள் இறுக்கி மூடாதீர்கள். பின்பக்கத்தையும் காற்றே புகாமல் அடைத்துவிடக் கூடாது.

பூஜையறையில் விளக்குப் புகை படுமே, என்ன செய்வது?

விளக்கை நேர் கீழே வைக்காமல் இரண்டு மூன்று அடியாவது முன்னால் தள்ளி வையுங்கள். திரியைச் சிறியதாக எரியவிடுங்கள். கற்பூரப் புகை எண்ணெய்ப் பசையோடு ஒட்டும் கரி, அதனால் ஆரத்தியைச் சற்று விலகி நின்று காட்டுங்கள். ஊதுபத்தியை ஒரு பக்கமாக வைக்கலாம். புதுப் படமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். காயாத வண்ணம் புகையை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது.

குங்குமம், சந்தனம் வைக்கலாமா? மாலை போடலாமா?

வண்ணத்தின்மேல் நேரடியாக வைக்காதீர்கள். சந்தனத்தின் ஈரம் நுண்ணிய வெடிப்புகள் வழியே கேன்வாஸுக்குள் இறங்கும். குங்குமத்தின் சாயம் வார்னிஷில் ஊறிவிட்டால் நெற்றியில் நிரந்தரமான கறை. கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடிமேல் வையுங்கள், இல்லையென்றால் சட்டத்தில். மாலை போட, சட்டத்துக்கு மேலே சுவரில் இரண்டு அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி அடித்துவிட்டால் ஈரப் பூ படத்தில் படாமல் தொங்கும். வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் தினப்படி பூஜைக்கு முன்னால் ஒரு சிறிய பித்தளைப் படிமத்தையோ அச்சுப்படத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தியிருக்கிறது.

எந்தச் சுவரில் மாட்டுவது? வாஸ்துப்படி வடகிழக்கு என்கிறார்கள்.

திசை உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தது, அதில் நான் தலையிட மாட்டேன். சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மழை நேரடியாக அடிக்கும் வெளிச்சுவரின் உள்பக்கம், குளியலறைக்கு ஒட்டிய சுவர், வெயில் நேராக விழும் சுவர் மூன்றும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் வியர்க்கும் வீடுகளில் பின்பக்கத்துக் கேன்வாஸில் பூஞ்சை பிடித்து முன்னால் கறுப்புப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும். நல்ல திசைச் சுவரே ஈரச் சுவராக இருந்தால், சட்டத்தின் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் ஒரு விரல் இடைவெளி கொடுங்கள். காற்று ஓடினாலே பாதிச் சிக்கல் தீரும்.

தூசி படிந்துவிட்டது. ஈரத் துணியால் துடைக்கலாமா? உருளைக்கிழங்கால் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமாமே?

இரண்டும் வேண்டாம். உருளைக்கிழங்கும் வெங்காயமும் ரொட்டித் துண்டும் மாவுச்சத்தையும் சாற்றையும் படத்தில் விட்டுவிட்டுப் போகும். பூஞ்சைக்கு அது விருந்து. படத்தை முன்னால் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அகலமான மென்தூரிகையால் மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை போதும். கரி அடையாகப் படிந்திருந்தால் ஓவியம் சீரமைப்பவரிடம் கொடுங்கள்.

வீடு மாறும்போது இரண்டு வருடம் கட்டி வைத்திருந்தோம். பிரித்தால் படமே மஞ்சளாகத் தெரிகிறது. கெட்டுவிட்டதா?

பயப்பட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் இருந்தால் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வைத்தால் பெருமளவு தெளியும். நேர்வெயில் படாத, வெளிச்சமான அறையில் சில வாரங்கள் மாட்டிவையுங்கள். விசேஷ நாளில் மட்டும் திறந்து மற்ற நேரம் திரை போட்டு மூடுகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: எண்ணெய்ப் படத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

வரைந்த படத்துக்கு பூஜை செய்யலாமா? பிரதிஷ்டை செய்ய வேண்டுமா?

சிற்ப நூல்கள் உருவங்களை மூன்றாகப் பிரிக்கின்றன. எல்லாப் பக்கமும் வடித்தது சித்திரம், பாதி புடைத்தது அர்த்தசித்திரம், தட்டையாக எழுதியது சித்திராபாசம். ஓவியத்துக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு என்பதே அதிலிருந்து தெரிகிறது. நீராட்ட முடியாத வடிவங்களை வணங்குவதும் நமக்குப் புதிதில்லை. சுதையாலான திருவரங்கத்து மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புத்தான். வீட்டுப் படத்துக்குப் பூவும் விளக்கும் நிவேதனமும் செய்கிறார்கள். அதற்கு மேற்பட்ட சடங்கு வேண்டுமா என்பதை உங்கள் குடும்ப வழக்கம் அறிந்தவரிடம் கேளுங்கள். கத்தோலிக்க வீடுகளில் பங்குத்தந்தையை அழைத்துப் படத்தை மந்திரிப்பது வழக்கம்.

கண்ணை நல்ல நேரத்தில் திறக்க முடியுமா?

முடியும். இதைக் கேட்கிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்கவே வேண்டாம். சிலைக்குக் கண் திறக்கும் மரபைத் தெரிந்தவர்கள் படத்துக்கும் அதை எதிர்பார்ப்பது இயல்பு. எண்ணெய் ஓவியத்தில் ஒரே ஒரு வேறுபாடு உண்டு. இமையும் கண்குழியின் நிழலும் முதல் அடுக்கிலிருந்தே முகத்தோடு சேர்ந்து வளர வேண்டும். கண்ணை வெற்றிடமாக விட்டு மற்றதை முடித்தால் கடைசியில் வைக்கும் கண் முகத்தில் ஒட்டாது. அதனால் கருமணியின் ஆழ்ந்த கறுப்பையும் அதிலுள்ள வெள்ளை ஒளிப்புள்ளியையும் மட்டும் நிறுத்திவைக்கிறேன். நீங்கள் சொல்லும் நாளில், சொல்லும் நேரத்தில், குடும்பத்தார் முன்னால் அதை வைக்கலாம். அந்தப் புள்ளி விழுந்ததும் பார்வை எந்தப் பக்கம் போகிறது என்பது முடிவாகிவிடும். முகம் எனக்குச் சரிவருகிறதா என்று நானே தெரிந்துகொள்வதும் அப்போதுதான்.

நாங்கள் சைவம். தூரிகையிலும் வண்ணத்திலும் விலங்குப் பொருள் இருக்குமா?

வழக்கமான பொருள்களில் இருக்கும். எண்ணெய் வண்ணத்துக்கான கடினத் தூரிகை பன்றி முடியால் செய்வது, மெல்லிய தூரிகைகள் கீரி போன்ற விலங்குகளின் முடி. பழைய முறையில் கேன்வாஸுக்கு முயல்தோல் பசை பூசுவார்கள். ஐவரி பிளாக் என்ற கறுப்பு இன்று எலும்பைக் கருக்கி எடுப்பது. பழைய கார்மைன் சிவப்பு ஒரு வகைப் பூச்சியிலிருந்து வருவது.

எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. செயற்கை இழைத் தூரிகைகள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. அக்ரிலிக் கெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு பூசிய கேன்வாஸில் விலங்குப் பசை கிடையாது. கறுப்புக்கு இரும்பு ஆக்சைடால் ஆன மார்ஸ் பிளாக். லட்சுமியின் புடவைச் சிவப்புக்குக் குயினக்ரிடோன் சிவப்பு, அது வெளிச்சத்தில் மங்காது என்பதால் எப்படியும் நல்லது. ஆளிவிதை எண்ணெய் தாவரம்தான். ஆர்டர் கொடுக்கும் முன்பே சொன்னால் புதுத் தூரிகைகளில் தொடங்கலாம்.

லட்சுமிக்கு என் மகளின் முக ஜாடை வைத்து வரைய முடியுமா?

கேட்பது அன்பினால் என்று தெரியும். ரவிவர்மாவும் உயிருள்ள பெண்களை உட்காரவைத்துத்தான் தெய்வங்களை வரைந்தார். ஆனால் யாருடைய முகத்தையும் அப்படியே ஏற்றாமல், பார்த்ததையெல்லாம் கடந்து ஒரு பொதுமுகத்தை உருவாக்கினார். நூறு வருடங்களுக்கு மேலாக எல்லா வீடுகளிலும் அது தெய்வமுகமாக நிற்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். பூஜைக்கான படத்தில் வேண்டாம் என்பதே என் பதில். நாளை அந்தப் பெண்ணுக்கே அது சுமையாகலாம். மகளை அவள் முகத்தோடு, அவள் பெயரோடு தனி உருவப்படமாக வரையச் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு வரைவேன்.

கீழே ரவிவர்மாவின் கையெழுத்தையும் போட்டுத் தருவீர்களா? முழுமையாக இருக்குமே?

மாட்டேன். மூல ஓவியரின் கையெழுத்தைப் போட்டால் அந்த நொடியே நகல் போலியாகிவிடும். இன்று உங்களுக்கு உண்மை தெரியும். முப்பது வருடம் கழித்து வாங்குகிறவருக்குத் தெரியாது. படத்தின் பின்பக்கம் "ராஜா ரவிவர்மாவின் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது" என்று எழுதி, வரைந்தவர் பெயரும் ஆண்டும் போட வேண்டும். நீங்கள் வேறு யாரிடம் வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

நகல் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிலானில் இருக்கும் இறுதி இராவுணவுச் சுவரோவியம் லியோனார்டோ காலத்துக்குப் பின் விரைவிலேயே உதிரத் தொடங்கியது. 1652-இல் அங்கே வாசல் வெட்டியபோது இயேசுவின் பாதங்கள் போயே போய்விட்டன. லியோனார்டோவைப் பின்பற்றிய ஜியாம்பியெத்ரீனோ 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேன்வாஸில் எண்ணெயில் வரைந்த நகலில் அந்தப் பாதங்கள் இருக்கின்றன. 1999-இல் முடிந்த நீண்ட சீரமைப்பில் வல்லுநர்கள் பார்த்து உதவி பெற்ற நகல்களில் அதுவும் ஒன்று. தன் பெயரில் நேர்மையாக நிற்கும் நகல் செய்யக்கூடிய வேலை அது.

பழைய ஓவியத்தை நகலெடுக்கச் சட்டத்தில் தடை உண்டா?

இந்தியாவில் ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ரவிவர்மா 1906-இல் மறைந்தார், தடையில்லை. பொம்பேயோ பத்தோனி 1767-இல் செப்புத் தகட்டில் எண்ணெயில் வரைந்து, ரோமின் ஜெசு ஆலயத்தில் இருக்கும் திருஇருதயப் படத்துக்கும் தடையில்லை. நம் வீடுகளின் திருஇருதயப் படங்கள் பலவற்றுக்கு மூலம் அதுதான். ஆனால் பழையது போலத் தோன்றுவதெல்லாம் பழையது அல்ல. நாட்காட்டிச் சாமி படங்களுக்குப் பெயர்போன கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு மறைந்தது 1976-இல். அவர் படங்களை விற்பனைக்கு நகலெடுக்க 2036 முடியும்வரை உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

பாட்டி வீட்டில் ரவிவர்மா பெயர் போட்ட பழைய படம் கிடைத்தது. மூலமாக இருக்குமா?

பெரும்பாலும் ஓலியோகிராபாக இருக்கும். சட்டத்தைக் கழற்றாமல் கீழ் ஓரத்தைப் பாருங்கள். ரவிவர்மா அச்சகத்தின் பெயரும் கார்லா, லோனாவாலா என்ற ஊர்ப்பெயர்களும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கலாம். முன்பு சொன்ன லென்ஸ் சோதனையில் இங்கே ஒழுங்கற்ற, கல் அச்சுக்கே உரிய புள்ளிகள் தெரியும். சில படங்களில் புடவைமேல் சரிகையும் சமிக்கியும் தைத்திருப்பார்கள், அது அந்தக் காலத்து வீட்டுப் பெண்களின் கைவேலை. பிய்த்துவிடாதீர்கள், அந்தப் படத்தின் சிறப்பே அதுதான். துடைக்கவும் வேண்டாம். அந்த அச்சகம் 1972-இல் தீக்கிரையானது, கைவசம் இருக்கும் தாள்கள் அருமையானவை.

படம் கிழிந்துவிட்டது. பின்னமான படத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார்களே?

எண்ணெய் ஓவியத்தில் கிழிசலைப் பின்னாலிருந்து துணி ஒட்டிச் சேர்த்து, இழந்த இடத்தில் மட்டும் வண்ணம் தொட்டுச் சரிசெய்யலாம். முன்பக்கம் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். உதிர்ந்த வண்ணச் செதில்களை ஒரு டப்பாவில் எடுத்துவையுங்கள். சீரமைக்கும்வரை திரும்பவும் மாட்டாமல் படுக்கவைத்தால் போதும். சரிசெய்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் பூஜையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுங்கள். ஆற்றில் விட வேண்டாம், அதிலுள்ள நிறமிகள் தண்ணீருக்கு ஆகாதவை.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டும். தடுப்பார்களா?

ரவிவர்மாவின் மூல ஓவியங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்கீழ் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை, நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. நகலுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் சுங்கத்தில் இருப்பவர் பார்த்தவுடன் எது நகல் என்று எப்படி அறிவார்? பின்பக்கக் குறிப்பு பற்றி மேலே சொன்னது இங்கே கைகொடுக்கும். ஓவியரிடமிருந்து ஆண்டு குறித்த ரசீதும் வாங்கிவையுங்கள். ஐயம் எழுந்தால் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறலாம்.

சட்டம் போட்டு அனுப்பினால் எடையும் உடைசலும் அதிகம், சுருட்டி அனுப்புங்கள். வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி, இடையில் ஒட்டாத தாள் வைத்து, முடிந்தவரை அகலமான குழாயில் தளர்வாகச் சுருட்ட வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெரிந்து, விரிக்கும்போது வெடிக்கும். வரைந்து சில மாதமாவது ஆகியிருக்க வேண்டும், தடித்துப் பூசிய படமாக இருந்தால் சுருட்டவே கூடாது. போய்ச் சேர்ந்ததும் குழாயிலிருந்து எடுத்து, இரண்டு நாள் சமதளத்தில் விரித்துவைத்துவிட்டுப் பிறகு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். குளிர்நாட்டில் பெட்டி வந்த அன்றே பிரித்தால் கேன்வாஸ் விறைத்திருக்கும். ஒரு நாள் அறைச் சூட்டில் கிடக்கட்டும்.